தபால் சுரங்கமும் என் இடது கையும்

இடது கையில் சின்ன விரலும் மோதிர விரலும் எனக்கு மடங்காது. யாராவது கேட்டால் வேலையில் நடந்த விபத்து என்பேன். இன்ஷூரன்ஸ்காரருக்கும் அதையேதான் சொன்னேன். விபத்துமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. ஒரு மனிதர் நன்றாகக் குறி பார்த்துச் சம்மட்டியால் அடித்து உடைத்த கை இது. அடித்த இடம், மியூனிக் நகரத்தின் பெரிய ரயில் நிலையத்துக்குக் கீழே கிடந்த ஒரு பழைய சுரங்கம்.

அந்த நகரத்தில் ஒரு காலம் தபாலுக்கென்றே தனியாக ஒரு நிலக்கீழ் ரயில் ஓடியது. ரயில் நிலையத்தில் இறங்கும் தபால் மூட்டைகளைச் சின்னச் சின்னப் பெட்டிகளில் ஏற்றிவிட்டால், ஓட்டுநர் இல்லாமலே அவை நிலத்துக்குக் கீழால் ஓடித் தபால் கட்டிடத்தில் போய் நிற்கும். பிறகு லொறிகள் வந்தன, ரயில் நின்றது, சுரங்கத்தைப் பூட்டிவிட்டார்கள். நாங்கள் உள்ளே போனபோது அது பூட்டிக் கிடந்து கனகாலம். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. எங்கள் நாட்டில் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. இங்கே நான் ஒரு சின்ன ஒப்பந்தக்காரனிடம் உடைப்பு வேலை செய்துகொண்டிருந்தேன். தண்டவாளத்தைக் கழற்றி, துண்டு துண்டாக மேலே ஏற்றி, பழைய இரும்பாக அனுப்புவது வேலை.

உள்ளே ஏதாவது கடிதம் கிடந்ததா என்று எல்லோரும் கேட்பார்கள். ஒரு கடிதமும் கிடக்கவில்லை. தூசி கிடந்தது, மூட்டை கட்டிய சணல் கிடந்தது, எலிப் புழுக்கை கிடந்தது. கூரை தாழ்வு. ஹெல்மெட் போட்ட தலையைக் குனிந்துகொண்டுதான் நடக்க வேண்டும். பொழுதுபடும்போது கழுத்து முறிந்துவிடும் போலிருக்கும். மேலே கட்டிடம் இருந்ததால் காஸ் வைத்து வெட்ட அனுமதி இல்லை, புகை போக வழியும் இல்லை. எனவே துருப்பிடித்த நட்டுகளை வெட்டிரும்பை வைத்து அடித்துத்தான் பிளக்க வேண்டும். ஒருவன் குந்தியிருந்து வெட்டிரும்பை நட்டில் வைத்துப் பிடிப்பான், மற்றவன் சம்மட்டியால் அடிப்பான். கூரை இடிக்கும் என்பதால் தலைக்கு மேல் ஓங்க முடியாது, பக்கவாட்டில் வீச வேண்டும். குறட்டால் பிடிக்கச் சொல்லித்தான் சட்டம். குறட்டால் பிடித்தால் வெட்டிரும்பு துள்ளும், வேலை ஓடாது. அதனால் கையுறையைப் போட்டுக்கொண்டு கையாலேயே பிடிப்போம். அடிப்பவனை நம்பாவிட்டால் அந்த வேலை செய்ய ஏலாது.

எங்கள் ஃபோர்மன் ஒரு ஜெர்மன்காரன். வாயைத் திறந்தால் குரைப்புத்தான். என்னோடு முதலில் வெட்டிரும்பு பிடித்தவன் ஒரு சோம்பேறி. நான் அடிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வான், வெட்டிரும்பை ஆட்டுவான், ஆட்டிவிட்டு எனக்கு அடிக்கத் தெரியாது என்று ஃபோர்மனிடம் போய்ச் சொல்வான். ஒருநாள் அவனைச் சுவரோடு சேர்த்துக் கழுத்தில் பிடித்தேன். முகம் நீலம் பாரிக்கும் மட்டும் விடவில்லை. மூன்று பேர் இழுத்துத்தான் என்னைப் பிரித்தார்கள். அடுத்த நாளே அவனை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, ஆள் அனுப்பும் கம்பெனியிடம் சொல்லிப் புதிதாக ஒருவரை எடுத்தார்கள். வந்து இறங்கியவர் எங்கள் நாட்டுத் தமிழர் ஒருவர்.

எனக்குச் சந்தோசம் சொல்லி முடியாது. காலையிலிருந்து மாலை வரை ஒரு தமிழ்ச் சொல் கேட்காமல் குனிந்துகொண்டு திரிந்தவன் நான். அவருக்கு என்னிலும் பத்துப் பன்னிரண்டு வயது கூட. பெர்லின் சுவர் இருந்த காலத்திலேயே ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, கிழக்கு பெர்லினுக்குள்ளால் மேற்குக்கு மாறி வந்த பழைய ஆள். நம்மவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பெயர் கேட்பதற்கு முதல் ஊர் கேட்போம் அல்லவா. நானும் கேட்டேன்.

“அண்ணை ஊரில எவ்விடம்?”

“வவுனியாப் பக்கம்,” என்றார். அவ்வளவுதான். நான் என் ஊரைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுச் சம்மட்டியைக் கையில் எடுத்தார்.

மனிதர் அடிக்கத் தெரிந்தவர். நான் வைத்த இடத்தில் அடி விழும், ஒரு நூல் தப்பாது. அவர் அடிக்க நான் பிடித்தேன், கை சோர்ந்தால் மாற்றிக்கொண்டோம். தம்பி, தம்பி என்றுதான் கூப்பிடுவார். கதைப்பது குறைவு. தாய் தங்களோடுதான் இருக்கிறார் என்றும், கண் தெரிவது மட்டு என்றும் ஒருநாள் சொன்னார். கூடப் பிறந்தவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிறகு ஒருநாள் ஃபோர்மன் என்னை எல்லோருக்கும் முன்னால் பிடித்துத் தள்ளினான். நான் இரும்புக் கம்பியைத் தூக்கிக்கொண்டு அவனிடம் போனேன். அண்ணைதான் நடுவில் புகுந்து கம்பியைப் பறித்தார். சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“தம்பிக்குக் கை நீளம். பரம்பரையோ?”

அந்தக் கேள்வி எனக்குப் பிடித்துவிட்டது. அது நாங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்த காலம். ஆயுதம் தூக்கிய இயக்கத்தில் செத்த அண்ணன் ஒருவன் இருந்தால், மாவீரர் நாள் மண்டபத்தில் முன் வரிசையில் கதிரை போட்டுத் தருவார்கள். எனக்கு அப்படி ஒரு அண்ணன் இருந்தான். நான் சின்னப் பெடியனாக இருந்தபோதே எங்கள் பக்கத்துக்குப் பொறுப்பாளனாக இருந்து, பிறகு ஒரு சண்டையில் செத்தவன். அதைச் சொன்னேன். அண்ணனின் இயக்கப் பெயரையும் சொன்னேன். அப்போது ஒன்றோடொன்று மோதிய இயக்கங்கள் பல, எதில் சேர்ந்தாலும் வேறொரு பெயர் வைப்பார்கள். ஊர் உலகத்துக்கு அந்தப் பெயர்தான் தெரியும், வீடு வாசல் தெரியாது. அந்தப் பெயரோடு வீட்டையும் சேர்த்து ஒரு அந்நியரிடம் கொடுப்பது நம்மவர்களில்கூட யோசிக்கத் தெரிந்தவன் செய்கிற வேலையில்லை. நான் தேநீரைக் குடித்துக்கொண்டு கொடுத்தேன்.

அவர் தன் தேநீரைத் தண்டவாளத்தில் வைத்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். வீடு கோயிலுக்கு இந்தப் பக்கமோ, அந்தப் பக்கமோ? வளவு பெரிசோ? அப்ப வீட்டில ஆர் ஆர் இருந்தவை? அம்மா இருக்கிறாவோ? நான் எல்லாவற்றுக்கும் மறுமொழி சொன்னேன். அம்மா பீலெஃபெல்டில் அக்காவோடு இருக்கிறார் என்றும் சொன்னேன். மாவீரனின் வீட்டைப் பற்றி மரியாதையோடு விசாரிக்கிறார் என்றுதான் நினைத்தேன். என்னைப் போல ஒரு மடையனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அதற்குப் பிறகு அவர் என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை. “இஞ்ச” என்பார், “பிடி” என்பார். அடியும் மாறியது. முன்பு நாலைந்து அடியில் பிளந்த நட்டு, ஒரே அடியில் தெறித்து எதிர்ச்சுவரில் போய் அடித்தது. வெட்டிரும்பின் அதிர்ச்சி என் தோள்மூட்டு வரை ஏறும். ஒருமுறை தெறித்த துண்டு என் கன்னத்தைக் கிழித்தது. அவர் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணை இன்றைக்கு நல்ல சூட்டில் நிற்கிறார் என்று நான் பகிடிதான் விட்டேன்.

அது நடந்த அன்று நாங்கள் சுரங்கத்தின் வளைவில் வேலை செய்துகொண்டிருந்தோம். மற்றவர்கள் வெட்டிய தண்டவாளத்தை வண்டிலில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனார்கள். ஃபோர்மனும் பின்னால் போனான். வண்டிலின் சத்தம் வளைவுக்கு அப்பால் போய் அடங்கும் மட்டும் அவர் சும்மா நின்றார்.

“பிடி,” என்றார்.

பிடித்தேன். ஒரு அடி அடித்தார். நட்டு பிளக்கவில்லை. நான் வெட்டிரும்பைச் சரியாக்கி வைத்தேன்.

“உன்ர கொண்ணன் ஒரு பெடியனை வீட்டை கொண்டு வந்து வைச்சிருந்தவனோ?”

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகம் தெரியவில்லை, நெற்றி விளக்குத்தான் என் கண்ணில் அடித்தது. என்ன அண்ணை என்று கேட்க வாயைத் திறந்தேன். சம்மட்டி என் கையில் விழுந்தது.

முதலில் நோவு தெரியவில்லை. கையுறைக்குள் சூடாக ஏதோ நிறைவதுதான் தெரிந்தது. பிறகு நோவு வந்தது. நான் போட்ட சத்தம் சுரங்கம் முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. ஹெல்மெட்டோடு தலையைக் கொண்டுபோய் அவர் வயிற்றில் இடித்தேன். இருவரும் விழுந்தோம். நான் மேலே. வலது கையை முறுக்கி அவர் வாயில் குத்தினேன், மீண்டும் குத்தினேன். பல் ஒன்று போனது, என் முட்டி கிழிந்தது. அவர் முழங்காலை எடுத்து என் அடிவயிற்றில் விட்டார். எனக்கு மூச்சு நின்றது. நான் சுவரில் சாய்ந்து எழும்ப முயல, அவர் சம்மட்டியோடு எனக்கு முன்னால் நின்றார். வாயால் இரத்தம் ஒழுகியது.

“என்ர தம்பி. பத்தொம்பது வயசு. மற்ற இயக்கத்துக்கு நோட்டீஸ் ஒட்டினவன், வேற ஒண்டும் செய்யேல்லை. விசாரிச்சிட்டு விடுறம் எண்டு உன்ர கொண்ணன்தான் கூட்டிக்கொண்டு போனவன்.”

“எனக்குத் தெரியாது! நான் அப்ப சின்னப் பெடியன்!”

“அவன்ர வீட்டிலதான் கட்டி வைச்சிருந்ததெண்டு ஆக்கள் சொன்னவை. அந்தப் பெயருக்கு வீடு எங்கையெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இவ்வளவு காலமும் தேடினனான். நீ தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு சொல்லுறாய்.”

சம்மட்டியை வீசினார். அது என் காதுக்குப் பக்கத்தில் சுவரில் விழுந்து, செங்கல் தூளாகி என் கண்ணெல்லாம் நிறைந்தது. மீண்டும் வீசினார். மறு காதுப் பக்கம். செத்தேன் என்று நினைத்தேன். காற்சட்டைக்குள் மூத்திரம் போனது. வெட்கமில்லை, சொல்கிறேன்.

“எங்க மண்ணுக்க தாட்டவங்கள்?”

“தெரியாது!”

“எங்கயடா தாட்டவங்கள்? அம்மா செத்தவீட்டுக் கிரியை ஒண்டும் செய்யாமல் இருக்கிறா. அந்திரட்டி செய்யேல்லை. பிணமும் இல்லை, நாளும் இல்லை, எதை வைச்சுச் செய்யிறது? பின்னேரமானால் கதவைத் துறந்து வைச்சுக்கொண்டு இருக்கிறா. இந்த நாட்டில! நாலாம் மாடியில!”

மூன்றாம் தரம் ஓங்கினார். கூரையில் சம்மட்டி இடித்தது. ஆத்திரத்தில் தலைக்கு மேல் ஓங்கிவிட்டார். அது கையிலிருந்து நழுவித் தண்டவாளத்தில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. குந்தியிருந்து என் கையைப் பார்த்தார். தன் சட்டையைக் கழற்றி, என் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினார். பிறகு என்னை முதுகில் தூக்கினார். அந்தத் தாழ்ந்த கூரைக்குக் கீழே, இரண்டாக மடிந்துகொண்டு என்னைச் சுமந்தார். நான் அவர் முதுகில் கிடந்தபடி, அவருடைய காதுக்குள், எனக்குத் தெரிந்த தூசணம் முழுவதையும் சொன்னேன். தோளைக் கடித்தேன். அவர் நடந்துகொண்டே இருந்தார்.

ஆஸ்பத்திரியில் கையைத் திறந்து கம்பி வைத்துத் தைத்தார்கள். இன்ஷூரன்ஸ்காரர் வந்து கேட்டபோது, கையால் பிடித்தேன், சம்மட்டி வழுக்கியது என்றேன். நல்ல மனதில் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். அந்த மனிதரைக் கொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் அடித்தார் என்று சொன்னால் ஏன் அடித்தார் என்று கேட்பார்கள். அந்த ஏனுக்கு எனக்குப் பயமாக இருந்தது. இரவும் பகலும் அதுதான் மண்டைக்குள் ஓடியது. அண்ணன் அப்படிச் செய்திருப்பானா? செய்ய மாட்டான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனுடைய அடியை நான் வாங்கியிருக்கிறேன். எங்கள் வீட்டில் அவன் குரல் கேட்டால் நாய்கூட வளவைவிட்டு வெளியே போய்விடும்.

அவர் ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். உதடு வீங்கிக் கிடந்தது. கட்டிலுக்குக் கிட்ட வரவில்லை, கதவடியில் நின்றார். வலது கையால் தண்ணீர்ப் போத்தலை எடுத்து எறிந்தேன். அது அவர் நெஞ்சில் பட்டு விழுந்தது. அவர் குனிந்து எடுத்து மேசையில் வைத்தார்.

“பொலிசில சொல்லுறதெண்டால் சொல்லு. நான் மறுக்க மாட்டன். ஆனால் கொம்மாட்டக் கேள். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம். இடமும் நாளும் மட்டும். அம்மா சாகிறதுக்கு முன்னம் சொல்ல வேணும்.”

கேட்க மாட்டேன் என்று கத்தினேன். தாதி ஓடி வந்து அவரை வெளியே அனுப்பினாள்.

கட்டு அவிழ்ப்பதற்கு முன்பே நான் பீலெஃபெல்டுக்கு ரயில் ஏறினேன். அக்காவும் அத்தானும் வேலைக்குப் போயிருந்தார்கள். அம்மா குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என் கையைப் பார்த்து ஐயோ என்று கத்தத் தொடங்கினார். நான் இருக்கவுமில்லை, தண்ணீர் குடிக்கவுமில்லை. நேரே கேட்டேன்.

“அண்ணன் ஒரு பெடியனை எங்கட வீட்டில கட்டி வைச்சிருந்தவனோ?”

அம்மா வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தார்.

“ஆர் உனக்கு உந்தக் கதையெல்லாம் சொன்னது?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. அதுதான் எனக்கு விசரைக் கிளப்பியது. சாமித்தட்டுக்குப் பக்கத்தில் மாலை போட்டிருந்த அண்ணனின் படத்தை இழுத்து நிலத்தில் அடித்தேன். கண்ணாடி குசினி வரை சிதறியது. அம்மா எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தார். இந்த வயதில் எனக்கு அறை! திருப்பி அடிக்கக் கை எழும்பியது. பொய் சொல்லக் கூடாது, எழும்பியது. எழும்பிய கை கட்டுப்போட்ட கை. அது நோவில் தானாகவே கீழே விழுந்தது. அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார்.

“ஓம். இருந்தவன். மாட்டுக் கொட்டிலுக்க கட்டி வைச்சிருந்தவங்கள். அதுக்குத்தான் உன்னையும் அக்காவையும் சின்னம்மா வீட்டை அனுப்பினது.”

“அடிச்சவனோ?”

“பகல் முழுக்க அடிப்பாங்கள். நான் அடுப்படிக்க இருந்து காதைப் பொத்துவன். விட்டுவிடு ராசா எண்டு கொண்ணன்ர காலைப் பிடிச்சனான். என்னையும் உதைச்சவன்.” அம்மா தன் விலாவைத் தொட்டுக் காட்டினார். “பிறகு ஒரு விடியப்புறம் சத்தமில்லை. போய்ப் பார்த்தன். கொட்டில் வெறுமையாக் கிடந்தது. கிணத்தடிப் பக்கம் மண் கிண்டிக் கிடந்தது.”

“எந்த இடம்?”

“கிணத்துக்கும் வேலிக்கும் நடுவில. பூவரசுக்குக் கீழ. அமாவாசைக்கு முதல் நாள். ஆடி அமாவாசை.”

நான் அந்தப் பூவரசை நினைத்தேன். அதற்குப் பக்கத்தில் நின்று எத்தனை வருடம் குளித்திருப்பேன். தொட்டியில் வாந்தி எடுத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பெடியனின் தாய் உயிரோடு இருக்கிறார், மியூனிக்கில்தான் இருக்கிறார் என்று சொன்னேன். அவரின் மகன்தான் கையை உடைத்தவர் என்றும் சொன்னேன். மியூனிக்குக்குப் போய் இடத்தைச் சொல்லப் போகிறேன் என்றேன்.

“நீ சொல்லாதை,” என்றார் அம்மா. “நம்பரைத் தா.”

என்னிடம் நம்பர் இல்லை. ஆள் அனுப்பும் கம்பெனிக்குப் போன் எடுத்து, கெஞ்சி, சத்தம் போட்டு, கடைசியில் வாங்கினேன். அந்த நம்பருக்கு அடித்தபோது அந்த மனிதர்தான் எடுத்தார். நான் யாரென்று சொன்னேன். அம்மா கதைக்க வேண்டுமாம் என்றேன். பிறகு என் அம்மா ரிசீவரை வாங்காமல், மேசையில் இருந்த டெலிபோனில் ஸ்பீக்கர் பொத்தானை அமத்தச் சொன்னார்.

“தம்பி, உங்கட அம்மாட்டக் குடுங்கோ.”

நெடு நேரம் கழித்து, ஒரு கிழட்டுக் குரல் ஹலோ என்றது. அம்மா சுற்றி வளைக்கவில்லை. தான் யாருடைய தாய் என்று சொன்னார். ஊரைச் சொன்னார், கிணற்றடியைச் சொன்னார், பூவரசைச் சொன்னார், ஆடி அமாவாசைக்கு முதல் நாள் என்றும் சொன்னார். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் வரும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வரவில்லை.

“பிள்ளை பசியோட போகேல்லை அக்கா,” என்றார் அம்மா. “கை கட்டியிருந்தது. நான்தான் சோறு தீத்தி விட்டனான்.”

“என்ன கறி?” என்று கேட்டது அந்தக் குரல்.

“கத்தரிக்காய். பால் விட்டு வைச்சது.”

“அவன் கத்தரிக்காய் தின்ன மாட்டானே.”

“திண்டவன்,” என்றார் அம்மா.